5 ரூபாய்க் காசில் வருஷம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது, இது டபுள் டையா?

சங்குக்கடை_ராமேஸ்வரம்:

எல்லோருக்கும் வணக்கம். அக்னி தீர்த்தம் பக்கத்தில் சங்கு, சிப்பி மாலை விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எங்களுக்கு வருவதில் பாதி சில்லறைதான். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கல்லா நிரம்பி எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைப்போம். வடக்கே இருந்து வருகிறவர்கள் கையில் இங்கே பார்க்கவே முடியாத பழைய காசெல்லாம் வரும், தண்ணீரில் போட்டதை அரித்து எடுக்கும் பையன்களும் கறுத்துப் போன காசை என்னிடம்தான் மாற்றிக்கொண்டு போவார்கள்.

போன வாரம் ராத்திரி காசு பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு மஞ்சள் 5 ரூபாய் கையில் சிக்கியது. வருஷம் 2013, அதற்குக் கீழே குட்டியாக டைமண்ட் குறி. அந்த 2013 மட்டும் நிழல் விழுந்த மாதிரி இருக்கிறது. 1-க்கு வலது பக்கம் இன்னொரு 1 ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரியும், 3-இன் வயிற்றில் ஒரு படி மாதிரியும் தெரிகிறது. சிங்கம் இருக்கும் தலைப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மகள் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுதான் டபுள் டை, லட்சக்கணக்கில் போகும்" என்கிறாள்.

எனக்குப் பயம் என்னவென்றால், இதே மாதிரி ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் என் தம்பி பாம்பனில் இருந்துகொண்டு யாரோ ஒருவருக்குப் பதிவுக் கட்டணம் என்று 1,850 ரூபாய் அனுப்பினான். பிறகு வரி கட்டு என்றார்கள், அப்புறம் கூரியர் செலவு என்றார்கள். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் வீட்டில் சொன்னான். அதனால் விலை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இது உண்மையிலேயே டபுள் டையா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அதை மட்டும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, காசு அழுக்காக இருந்ததால் கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்.

----

உச்சிப்புளி_பழங்காசு:

வணக்கம் தங்கச்சி. முதலில் தம்பி விஷயம். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. பழைய காசு, பழைய நோட்டு வாங்குகிறோம் என்று ரிசர்வ் வங்கி பெயரைப் போட்டுக் கட்டணமோ கமிஷனோ வரியோ கேட்டால் அது மோசடி, நாங்கள் அந்த வேலையே செய்வதில்லை என்று. காசை வாங்க நினைக்கிறவர் நமக்குத்தான் பணம் தருவார், நம்மிடம் முன்பணம் கேட்க மாட்டார். தம்பியை அனுப்பிய ரசீதோடு சைபர் கிரைம் எண் 1930-க்குப் பேசச் சொல்லுங்கள். நாள் ஆகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

புளி இனிமேல் வேண்டாம். விபூதி, சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்கு அது தோலை உரிக்கிற வேலை. தேய்த்த காசை எந்தச் சேகரிப்பாளரும் ஒரு பார்வையிலேயே தள்ளி வைப்பார். கடல் தண்ணீர் பட்ட காசு என்றால் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றி, துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உப்பு உள்ளே இருந்தால் அரித்துக்கொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் 2013. படம் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதிய ஒரு வார்த்தை எனக்குப் போதும்: "படி மாதிரி". டபுள் டையில், அதாவது காசு அடிக்கிற அச்சிலேயே எழுத்து ரெண்டாகப் பதிந்துபோன காசில், படி வராது. நாம் "டபுளாகத் தெரிகிறது" என்று சொல்வது குறைந்தது மூன்று வேறு வேறு விஷயங்கள், அதில் ஒன்றுதான் டபுள் டை. மற்ற இரண்டும் சந்தையில் மீன் வாங்கி மீதி வருகிற சில்லறையிலேயே தினமும் கிடைக்கும்.

ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு போன் டார்ச்சைப் பக்கவாட்டில், காசோடு காசாகப் படுத்த மாதிரி வைத்துப் பாருங்கள். நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் எல்லாக் காசும் டபுளாகத்தான் தெரியும். பக்க வெளிச்சத்தில் அந்த இரண்டாவது 1 தட்டையாக, பளபளவென்று, தரையை ஒட்டித் தாழ்வாக இருந்தால் அது மெஷின் டபுளிங். காசு அடிக்கிற நேரத்தில் அச்சு லேசாக ஆடி, எழுத்தின் ஓரத்தையே வழித்துத் தள்ளியிருக்கிறது. இதில் முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு: எழுத்தின் மேல்பகுதி வழக்கத்தைவிட மெலிந்துபோயிருக்கும், ஏனென்றால் அந்தப் படி எழுத்திலிருந்து வெட்டி எடுத்த உலோகம்தான்.

உண்மையான டபுள் டையில் இரண்டு எழுத்துமே உருண்டையாக, மேடாக நிற்கும். மொத்தமாகப் பார்த்தால் எழுத்து தடித்திருக்கும், மெலிந்திருக்காது. எழுத்தின் மூலையில், முனையில், இரண்டு உருவமும் சேருகிற இடத்தில் வி மாதிரி ஒரு சின்ன வெட்டு தெரியும். நான் அந்த வெட்டைத்தான் முதலில் தேடுவேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைப்பார்களே, அதுதான். அதைவிடப் பெரிய லென்ஸ் இந்த வேலைக்கு வேண்டாம், தூசியையும் கீறலையும் பார்த்து மனம் குழம்பும்.

மூன்றாவது, அச்சுத் தேய்வு. ஓர் அச்சு லட்சக்கணக்கில் காசு அடித்துத் தேய்ந்த பிறகு எழுத்தோரம் எல்லாம் கரைந்து, பிசுபிசுவென்று நிழல் மாதிரி வரும். 1 ரூபாய் எவர்சில்வர் காசில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

----

கீழக்கரை_டூல்ரூம்:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் அச்சுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், 22 வருஷம் சென்னையிலும் அப்புறம் சவூதியிலும் டூல்ரூமில் டை செய்து வயிறு வளர்த்தவன். நாணயச்சாலையில் வேலை பார்த்ததில்லை, ஆனால் இரும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

காசை அடிக்கிற அச்சுக்குத்தான் டை என்று பெயர். அதில் எழுத்து பள்ளமாக, இடவலம் மாறி இருக்கும். அந்த டையையே ஒவ்வொன்றாகக் கையால் செதுக்க மாட்டார்கள். காசு மாதிரியே எழுத்து மேடாக இருக்கிற ஓர் எஃகுத் துண்டு இருக்கும், அதற்கு ஹப் என்று பெயர். ஹப்பைப் புது டையின் முகத்தில் வைத்துப் பிரஸ்ஸில் அழுத்தினால் பள்ளமாகப் பதியும். பிரச்சினை என்னவென்றால் எஃகு அழுத்த அழுத்த இறுகிவிடும். ஒரே அழுத்தில் முழு ஆழம் வராது. வெளியே எடுத்து, உலையில் காய்ச்சி, மெதுவாக ஆறவைத்து இளக்கி, மறுபடி அதே ஹப்பில் வைத்து அழுத்த வேண்டும். அந்த இரண்டாவது தடவை மயிரிழை திரும்பி உட்கார்ந்துவிட்டால் போச்சு, டையிலேயே எழுத்து ரெண்டாகப் பதிந்துவிடும். டபுள் டை என்பதற்கு அர்த்தமே இதுதான், காசு ரெண்டு தடவை அடிபட்டது என்று அர்த்தம் இல்லை. நிறையப் பேர் இதைத்தான் தப்பாகச் சொல்கிறார்கள்.

நம் ஊர்க் கருப்பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சாயல்குடிப் பக்கம் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவார்கள். சிரட்டைக்குள்ளேயே ஒரு கீறல் இருந்தால் அதில் ஊற்றி எடுக்கிற ஒவ்வொரு கருப்பட்டியிலும் அதே இடத்தில் அதே தழும்பு இருக்கும். சிரட்டை நல்லதாக இருந்து, இறுகுகிற நேரத்தில் யாராவது இடித்துவிட்டால் அந்த ஒரு கருப்பட்டி மட்டும்தான் கோணும், அடுத்தது வேறு மாதிரிக் கோணும், அல்லது கோணாமலே வரும். கீறல் விழுந்த சிரட்டைதான் டபுள் டை. இடித்தது மெஷின் டபுளிங்.

அதனால் தங்கச்சி, உங்கள் கையில் டப்பா நிறையக் காசு இருக்கிறது, அது எங்கள் யாருக்கும் இல்லாத வசதி. 2013 டைமண்ட் 5 ரூபாயை எல்லாம் பொறுக்கி ஒன்றாக வையுங்கள். ஒரே வருஷத்தில் ஒரே நாணயச்சாலையில் எத்தனையோ டை ஓடியிருக்கும், ஆகவே இன்னொன்று கிடைக்காவிட்டால் அது ஒன்றும் சொல்லாது. ஆனால் டபுளாகத் தெரிகிற இன்னொன்று கிடைத்து, அதில் நிழல் வேறு பக்கம் விழுந்திருந்தால் ஆட்டம்தான் காரணம் என்று சந்தேகப்படலாம். அதே பக்கம், அதே அளவு, அதே இடத்தில் இருந்தால் உடனே இங்கே சொல்லுங்கள், எனக்குத் தூக்கம் வராது.

டைமண்ட் என்றால் மும்பை நாணயச்சாலை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. பிரிக்கும்போது இதையும் பாருங்கள், இல்லாவிட்டால் வேறு வேறு நாணயச்சாலைக் காசை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

----

தொண்டி_ரூட்:

நான் கண்டக்டர். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போகிற ரூட்டில் பல வருஷம். தினமும் தோல்பையில் வருகிற காசை ராத்திரி எண்ணிக் கட்டும்போது திருப்பிப் பார்ப்பது பழக்கம். உண்மையைச் சொல்கிறேன், கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒரு டபுள் டை கூட எனக்கு இதுவரை சிக்கவில்லை. மெஷின் டபுளிங் ஒரு சாக்கு இருக்கும். இதைச் சொல்வது உங்களைத் தடுக்க இல்லை அக்கா, நாலு நாளில் கிடைக்கும் என்று நினைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக.

சில்லறையில் தேடுகிறவருக்கு நான் சொல்வது, எழுத்தைப் பார்க்கிற அதே நேரத்தில் காசைத் திருப்பியும் பாருங்கள். பூ நேராக நிற்கிற மாதிரி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பிடித்து, கதவு திறக்கிற மாதிரி ஒரு திருப்பு. தலைப் பக்கத்தில் சிங்கமும் நேராக நிற்க வேண்டும், நம் காசுகள் அப்படித்தான் வரும். சிங்கம் சாய்ந்தோ படுத்தோ தலைகீழாகவோ இருந்தால் அது அச்சு சுழன்ற காசு. ஒரு விநாடி வேலை, லூப் வேண்டாம், பஸ் ஆடினாலும் பார்க்கலாம். எனக்கு 2 ரூபாயில் ஒன்று, 1 ரூபாயில் மூன்று கிடைத்திருக்கிறது. 2 ரூபாய் அப்படியே தலைகீழ், தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பார்த்துவிட்டு ஏறிய ஒரு பாட்டி கொடுத்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணி என் கையில் வைத்தார், கடைசியாக வைத்தது அது.

கடலில் கிடந்த காசைப் பற்றியும் ஒன்று. பையன்கள் காந்தம் கட்டி இழுத்து வருவது பெரும்பாலும் எவர்சில்வர் காசு, மஞ்சள் காசு காந்தத்தில் ஒட்டாது, அதைக் கையால்தான் பொறுக்குவார்கள். மணலில் உருண்டு உருண்டு எழுத்தோரம் மழுங்கி, உப்பு அரித்து ஓரத்தில் இன்னொரு கோடு மாதிரி விழும். அதை டபுள் என்று நினைத்து நானே ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். குழி குழியாக இருந்தால் தள்ளிவிடுங்கள்.

----

சங்குக்கடை_ராமேஸ்வரம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன சிரட்டை உதாரணத்தை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன், அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, எனக்கும்தான்.

நேற்று கச்சான் காற்று பலமாக அடித்ததால் கூட்டம் இல்லை, கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு இரண்டு பேரும் டப்பாவைக் கொட்டி உட்கார்ந்தோம். லைட்டை அணைத்து டார்ச்சைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்ததில் அந்த 1-க்குப் பக்கத்தில் இருப்பது தட்டையாக, கத்தியால் சீவிய தேங்காய்ப் பத்தை மாதிரி மினுங்குகிறது. உண்மையான 1-இன் தலை மெலிசாகத்தான் இருக்கிறது, இன்னொரு 2013-ஐப் பக்கத்தில் வைத்ததும் பளிச்சென்று தெரிந்தது. வெட்டு எங்கேயும் இல்லை. டப்பாவில் மொத்தம் ஏழு 2013 டைமண்ட் இருந்தது. அதில் ஒன்றில் இதே மாதிரிப் படி, ஆனால் இடது பக்கம். ஆக, இது மெஷின் டபுளிங்தான். மகளுக்குக் கொஞ்சம் முகம் வாடியது.

ஆனால் தொண்டி அண்ணன் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் கதவு திருப்புகிற மாதிரி திருப்பிக்கொண்டே வந்தோம். மகள்தான் கண்டுபிடித்தாள். 1 ரூபாய், நட்சத்திரக் குறி, சிங்கம் வலது பக்கமாகப் படுத்திருக்கிறது. கடிகாரத்தில் 3 மணி இருக்கிற இடத்துக்குச் சிங்கத்தின் தலை போய்விட்டது. நாலைந்து தடவை திருப்பிப் பார்த்தாள், நான் தப்பாகப் பிடிக்கிறேனோ என்று என்னையும் திருப்பச் சொன்னாள். இதைப் புளி போடாமல் அப்படியே ஒரு வெள்ளைத்தாளில் மடித்து வைத்திருக்கிறோம். இது சரிதானா? இதை வைத்துக்கொள்ளலாமா?

தம்பியும் 1930-க்குப் பேசிவிட்டான், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள்.

----

உச்சிப்புளி_பழங்காசு:

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். 3 மணி என்றால் 90 டிகிரி, அது நல்ல சுழற்சி. ஐந்து பத்து டிகிரி சாய்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது நிறைய வரும். தாளில் மடிப்பது சரி, ஆனால் நம் கடலோரத்தில் தாள் ஈரத்தை இழுக்கும். கெட்டி அட்டையில் ஜன்னல் வைத்த ஹோல்டர் விற்கிறார்கள், ஒன்று சில ரூபாய்தான், அதில் போட்டு, மருந்து டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடி வையுங்கள். மெத்தென்று வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதில் காசு பச்சையாகப் பிசுபிசுக்கும். ஹோல்டரில் கிடைத்த தேதியும் இடமும் மகள் கையாலேயே எழுதட்டும்.

அவளுக்கு முகம் வாடியது என்றீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன். டபுள் டை என்றால் உலகம் முழுவதும் முதலில் சொல்வது அமெரிக்காவின் 1955-ஆம் வருஷத்து ஒரு சென்ட். பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு கெட்டுப்போன டை தெரியாமல் ஒரே ராத்திரி ஷிப்டில் 40,000 காசு வரை அடித்துவிட்டது. கண்டுபிடித்தபோது அதில் பாதிக்கு மேல் லட்சக்கணக்கான நல்ல காசோடு கலந்துவிட்டது, கலக்காமல் இருந்த மீதியை அழித்துவிட்டார்கள். கலந்ததைப் பிரிக்க முடியாது, உருக்கினால் எல்லாவற்றையும் உருக்க வேண்டும், சரி போகட்டும் என்று வெளியே விட்டுவிட்டார்கள். அப்போது அங்கே மெஷினில் சிகரெட் பாக்கெட் 23 சென்ட். மெஷினில் 25 சென்ட் காசு போட்டால் மீதி 2 சென்ட்டைத் திருப்பித் தர வழி இல்லாததால் பாக்கெட்டின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே இரண்டு சென்ட் காசை வைத்து அனுப்புவார்கள். அப்படி வந்த சில்லறையில்தான் சாதாரண ஜனங்கள் அதை நிறையக் கண்டுபிடித்தார்கள். வருஷம், எழுத்து எல்லாம் லென்ஸ் இல்லாமலே தெளிவாக ரெண்டு ரெண்டாகத் தெரியும்.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் 5 ரூபாய்க்குப் பொருத்தமானது. அதே 1955-இல் தேய்ந்த அச்சில் அடித்து, வருஷத்தின் கடைசி 5 மட்டும் நிழல் விழுந்த காசு ஏராளமாக வந்தது. அதை "ஏழையின் டபுள் டை" என்று பேர் வைத்தே விற்றார்கள். அது டபுள் டையே இல்லை, வெறும் தேய்வு. அன்றைக்கு இருந்த வியாபாரிதான் இன்றைக்கு உங்கள் தம்பிக்குப் போன் செய்தவன்.

1990-களின் கடைசியிலிருந்து அமெரிக்காவில் ஒரே அழுத்தில் டையைப் பதிக்கிற முறைக்கு மாறிவிட்டார்கள். அதன் பிறகும் டபுள் டை நிற்கவில்லை, ஆனால் பெரும்பாலும் காசின் நடுப்பகுதியில், மிகச் சின்னதாக வருகிறது. அதனால் வருஷத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாமல் நடுவில் இருக்கிற உருவத்தின் ஓரங்களையும் பார்க்கப் பழக்குங்கள்.

----

கீழக்கரை_டூல்ரூம்:

நட்சத்திரக் காசு 90 டிகிரி சுழன்றது எப்படி என்று மகள் கேட்டால் சொல்லுங்கள்: பிரஸ்ஸில் டையை இறுக்குகிற பிடி தளர்ந்தாலோ, மாட்டும்போதே தப்பாக உட்கார்ந்தாலோ டை தன் இடத்திலேயே திரும்பிவிடும். எழுத்து சுத்தமாக விழும், திசைதான் மாறும். பிடி தளர்ந்து மெதுவாகத் திரும்பிக்கொண்டே போயிருந்தால், அதே டையில் அடித்த காசு 20 டிகிரியில் ஒன்று, 50-இல் ஒன்று என்று எங்கேயாவது இருக்கும். அந்த வருஷத்து நட்சத்திரக் காசை எல்லாம் திருப்பிப் பார்க்காமல் செலவு செய்யாதீர்கள்.

அந்தக் காசு என்ன வருஷம் என்று நீங்கள் எழுதவே இல்லையே தங்கச்சி?

----

சங்குக்கடை_ராமேஸ்வரம்:

2012, காக்கா. இப்போதுதான் இன்னும் பதினொரு 2012 நட்சத்திரம் பொறுக்கி வைத்திருக்கிறோம், கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள், ராத்திரி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.